குட்டிக் கோயிலின் நிழல்

கோயில்களைச் சுற்றிக் காட்டும் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தவருக்கு, அந்த நகரத்தின் பெரிய கோயில்கள் ஆறும் கண்ணுக்குத் தெரியாது. பார்வைக் கோளாறு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முன்படிக்கட்டில் நின்றபடியே கடைசி இருக்கைக்காரரின் கைக்கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்கிற கண் அவருக்கு. கோயில்கள்தான் தெரியாது. மற்றவர்கள் கோபுரத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிற இடத்தில் அவருக்குக் காய்ந்த புல்லும் நாலைந்து கல்லும் அதற்கு மேல் வெறும் வானமும் தெரியும். பயணிகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி, ஒன்றுமில்லாத இடத்தில் படி ஏறிப் போவார்கள். அவரும் அவர்களுக்கு முன்னால் காற்றில் ஏறுவார். கால்கள் பழகிய கால்கள், எந்தப் படி உயரம், எந்தப் படி தேய்ந்தது என்று அவற்றுக்குத் தெரியும். ஏறி முடித்ததும் சிவப்புத் துணி கட்டிய மடக்குக் குடையைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தன் பேச்சைத் தொடங்குவார்.

முதலில் மறைந்தது ஊருக்கு நடுவில் இருக்கிற பெரிய மண்டபக் கோயில். அங்கே ஒரு தூணில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ராஜா ஒருவர் உண்டு. கட்டி முடிகிறவரை ஒரு நாள்கூட வந்து எட்டிப் பார்க்காத ராஜாவைச் சிற்பி அப்படிச் செதுக்கிப் பழிவாங்கிவிட்டான் என்பது கதை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கி அந்தக் கதையை அவர் சொல்லாத வேலைநாள் கிடையாது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் பயணிகள் சிரிப்பார்கள், சிரிக்காத கூட்டமாக இருந்தால் எந்த இடத்தில் இருமிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் உச்சி வெயிலில், சிற்பி உளியைக் கையில் எடுக்கிற கட்டத்தில், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டையைப் போல ராஜா மெல்ல வெளுத்தார். பிறகு தூண் போனது. அப்புறம் கூரை போனது. வழிகாட்டி வாயை நிறுத்தவில்லை. சொல்லப்போனால், அவர் நினைத்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. அந்த வாய்க்கு அவருடைய உதவி தேவைப்படாமல் போய் வருடங்கள் ஆகியிருந்தன. பயணிகள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், இல்லாத ராஜாவோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த கோயிலுக்குப் பேருந்து கிளம்பியது.

கண் டாக்டரிடம் போனார். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்து, "உங்க கண்ணு என் கண்ண விட நல்லா இருக்கு. வெயில்ல மட்டும் அலையாதீங்க" என்றார். வெயிலில் அலைவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். இரண்டாவது கோயிலும் மூன்றாவது கோயிலும் அதே மாதிரி பேச்சின் நடுவிலேயே மறைந்தபோதுதான் விஷயம் அவருக்கு உறைத்தது. சொல்லிச் சொல்லித் தேய்த்ததுதான் மறைகிறது. கடைக்காரன், நாய், பேருந்து எல்லாம் அப்படியே இருக்கின்றன. விளக்கம் சொல்லப்பட்டது எதுவோ அது போய்விடுகிறது. நான்காவது கோயிலையாவது காப்பாற்றலாமே என்று கொஞ்ச நாள் அங்கே வாயைச் சுருக்கிப் பார்த்தார். "கோயில், நல்லா பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கைடு சரியில்லை, தூங்கி வழிகிறார் என்று பயணிகள் முதலாளியிடம் புகார் சொன்னார்கள். முதலாளி கூப்பிட்டுக் கத்தினார். மறுநாள் முதல் பழையபடி விலாவாரியாகச் சொன்னார், நான்காவதும் போனது. ஐந்தும் ஆறும் போனபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேருந்து டிரைவரிடம் ஒரு முறை இதைச் சொன்னார். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அண்ணே, எனக்கு ரோடு தெரிஞ்சா போதும். உங்களுக்கு என்ன தெரியணும்னு நீங்கதான் பாத்துக்கணும்" என்றான். அதில் தப்பும் இல்லை. பார்க்காமலே சுற்றிக் காட்டுவதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. பாதிப் பயணிகளும் கோயிலைக் கைப்பேசியில்தான் பார்த்தார்கள். மூன்றாவது கோயில் வருவதற்குள் மற்றவர்களுக்கும் நாக்குத் தள்ளிவிடும். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, நாங்க ஏசியிலயே உக்காந்திருக்கோம், நீங்க பாத்துட்டு வாங்க" என்று பேருந்திலேயே சாய்ந்துவிடுகிற பெரியவர்கள் ஒவ்வொரு நாளும் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க அவருக்குப் பொறாமையாக இருக்கும்.

சிரமம் வேறு இடத்தில் இருந்தது. கோயில் போனபோது அதன் நிழலையும் கொண்டு போய்விட்டது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் பயணிகள் "அப்பாடா" என்று வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். அவர் அவர்களுக்கு நடுவிலேயே நிற்பார், அவர் தலைமேல் மட்டும் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளங்காலுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கல் குளிர்ந்திருக்கும், உச்சந்தலை கொதிக்கும். மழைக்காலத்தில், நாலு பக்கமும் சுவரும் மேலே கூரையும் வைத்த உள்பிராகாரத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டை தொப்பலாக நனைந்துவிடும். பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கையில் குடை இருக்கிறது, ஆனால் விரிக்க முடியாது. கூரைக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நிற்கிற கைடை யார் நம்புவார்கள்? அதோடு குடையை விரித்துவிட்டால் சிவப்புத் துணி தெரியாது, கூட்டம் சிதறிவிடும். ஆகவே விரிக்காத குடையை உயர்த்திப் பிடித்தபடி வெயிலிலும் மழையிலும் கூரைக்கடியில் நின்று அவர் ராஜாக்களின் கதையைச் சொன்னார். பிடரித் தோல் உரிந்து உரிந்து கறுத்தது. மாலையில் வீட்டுப் படி ஏறும்போது, இப்படியே இங்கேயே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று ஒவ்வொரு மாடியிலும் தோன்றும்.

அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோயில். பேருந்து நிறுத்துமிடத்துக்குப் பின்னால், பஞ்சர் கடைக்கும் தண்ணீர் லாரிகள் நிற்கிற சந்துக்கும் நடுவில் இருந்த அதை எல்லோரும் குட்டிக் கோயில் என்றுதான் சொல்வார்கள். தாழ்ந்த கூரை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான வாசல், நீளமாக ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். பார்க்க என்ன இருக்கிறது என்று யாரும் அங்கே போக மாட்டார்கள். பயணிகள் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர் அங்கே போய், தாழ்வாரத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்காருவார். அந்த நகரம் முழுவதிலும், வீட்டை விட்டால், அவர்மேல் விழுகிற நிழல் அது ஒன்றுதான். வழியில் இருக்கிற மற்ற கட்டடங்களின் நிழலில் நிற்க நேரம் ஏது, அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டுமே. குட்டிக் கோயிலைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எந்தக் காலத்தது என்று விசாரித்ததில்லை. இப்போதெல்லாம் ஒரு தடவை சொன்னாலே மறைந்துவிடும் என்று பயந்து, 'நல்லா இருக்கு' என்று மனசுக்குள்கூட நினைத்துவிடாமல் கவனமாக இருந்தார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று டிரைவர் கேட்டால், "இங்கதான், பின்னால" என்பார்.

முதலாளிக்கு அது எப்படிக் கண்ணில் பட்டது என்று தெரியவில்லை. எதிர்த்த கடையில் புதிதாகத் தொடங்கிய கம்பெனி கூடுதலாக ஒரு கோயில் காட்டுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மாலை வழிகாட்டியைக் கூப்பிட்டு, இரண்டு கைப்பேசிகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளன்னிக்கிலேருந்து அந்தக் குட்டிக் கோயிலையும் சேத்துக்கய்யா. கடைசியா அங்க கூட்டிட்டுப் போயி ஒரு நல்ல கதையாச் சொல்லி முடிச்சுடு" என்றார்.

"அதுக்குக் கதை ஒண்ணும் இல்லீங்க."

"கதை இல்லாத கோயில் எங்கய்யா இருக்கு? நீ சொன்னா அது கதை."

"வேற யாரையாவது வெச்சு அது ஒண்ணு மட்டும்..."

"வேற ஆளா? ஆள மாத்துறதுன்னா மொத்தமா மாத்திட வேண்டியதுதான். மாத்திடவா?" என்று முதலாளி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எதிர்த்த கம்பெனியில் எல்லோரும் சின்னப் பிள்ளைகள், நாலு மொழி பேசுகிறவர்கள். நரைத்த தலையோடு அங்கே போய் நின்றால் டீ வாங்கி வரச் சொல்வார்கள். வழிகாட்டி சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். முதல் நாள் தானே கூட வந்து உட்கார்ந்து கேட்கப் போவதாக முதலாளி உள்ளேயிருந்து கத்திச் சொன்னார்.

அவர் மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வருகிறவர்களை வரிசைப்படி கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலையில் இருந்தாள். நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை. பயந்துபோய் வாசலோடு திரும்பிவிடப் பார்க்கிற பெரிய ஆம்பளைகளைப் பேச்சுக் கொடுத்துப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பதும் அவள்தான். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரே மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான், விடுமுறை நாளில் போனில் பேசுவான். கல்யாணமான புதிதில் கோயில்களைக் காட்டச் சொல்லி அவள் கேட்டாள், அடுத்த வாரம் என்றார். பிள்ளை பிறந்த பிறகு கேட்டாள், மழை முடியட்டும் என்றார். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். யாராவது விருந்தாளி வந்தால் மட்டும், "ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் காட்டுறாரு, எனக்கு வீட்டு மாடியிலேருந்து கோபுரத்து நுனி தெரியுது, அதுவே போதும்" என்று சிரித்துக்கொண்டே குத்துவாள். அவருக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் லீவு நாளில் இன்னொரு முறை அந்தப் படிகளில் ஏறுவதை நினைத்தாலே அவருக்கு உடம்பு வலித்தது. இதை என்னவென்று அவளிடம் சொல்வது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் பிடரியில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவளிடம், எதுவும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கோயில்கள் போனது, நிழல் போனது, நாளன்றைக்குக் குட்டிக் கோயிலும் போகப் போகிறது என்பது வரைக்கும். அவள் தடவுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அதான் மழைக்கு நனைஞ்சு வர்றீங்களா? நான் கூட, கையில குடைய வெச்சுக்கிட்டே விரிக்கத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கிட்டேனேன்னு இத்தன வருஷமா நொந்துக்கிட்டேன்" என்றாள்.

இன்னும் கொஞ்சம் களிம்பை விரலில் எடுத்துக்கொண்டே, "என்னைப் பத்தி யாருகிட்டயாவது விளக்கமாச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"உன்னைப் பத்தி யாரு கேக்கப் போறா?"

"கேட்டா சொல்லித் தொலைச்சுடாதீங்க. அப்புறம் களிம்பு யாரு தடவுறது?" என்றவள், டப்பாவை மூடிவிட்டு, நாளைக்குத் தனக்கு லீவு போட்டுவிடப் போவதாகவும், ஏழு கோயிலையும் பார்த்தே தீர வேண்டும் என்றும் சொன்னாள். அவருக்கு நாளை வார விடுமுறை. மறுத்துப் பேச அவரிடம் காரணம் மிச்சம் இல்லை.

டவுன் பஸ்ஸில் போனார்கள். முதல் கோயிலில் செருப்பைக் கழற்றியதுமே அவர் வாய் தன்னால் திறந்து, இந்த மண்டபத்தைக் கட்டிய மன்னர் என்று ஆரம்பித்துவிட்டது. "அதெல்லாம் வேண்டாம், சும்மா வாங்க. நானே பாத்துக்கிறேன்" என்றாள் அவள். வாயை மூடிக்கொண்டு காற்றில் அவள் பின்னால் நடந்தார். கோயிலில் பேசாமல் நடப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அவள் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று களுக்கென்று சிரித்தாள். "இவ்வளவு பேரு நிக்கிறாங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கலையே! எல்லாருக்கும் பல்லு வலியா? எங்க டாக்டரைக் கூட்டிட்டு வரணும்" என்றாள். அந்த நிமிஷம், அவள் கை நீட்டிய இடத்தில், அந்தரத்தில், ஒரு கல் உதடு தெரிந்தது. இறுக மூடிய, கொஞ்சம் கோணலான உதடு. அதற்கு மேலே மூக்கு இல்லை, கீழே தாடை இல்லை. அது ராஜாவுடைய உதடு. மூடிய கண்ணைப் பற்றி அத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்னவர், வாயும் மூடியிருந்ததைக் கவனித்ததே இல்லை.

இரண்டாவது கோயிலில், தும்பிக்கை உடைந்த யானையைப் பார்த்து, "ஐயோ பாவம், இது எப்படித் தண்ணி குடிக்கும்?" என்றாள், உடைந்த தும்பிக்கையின் மிச்சம் மட்டும் வந்து காற்றில் தொங்கியது. தேய்ந்த படி ஒன்றைக் காட்டிக் குளித்து முடித்த சோப்பு மாதிரி இருக்கிறது என்றாள், அந்த ஒரு படி வந்தது. மூன்றாவது கோயிலில் அவர் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சுட்டிக்காட்டிச் சொல்லத் தொடங்கினாள். இதோ தூண், இது அழகு, இதோ கோபுரம், இது ரொம்ப உயரம், இதோ கூரை, இது பிரமாதம். அவர் மேலே பார்த்தார். வெயில் கண்ணைக் குத்தியது. கடமைக்குச் சொன்னது எதுவும் வரவில்லை. அவளே அசந்து போய்ச் சொன்னதுதான் வந்தது. "தெரியுதா? இப்ப?" என்று ஆசையாகக் கேட்டாள். "கொஞ்சம் கொஞ்சம்" என்றார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் பொய் தெரியாதா என்ன. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள்.

நகரம் அன்று அடுப்பாக எரிந்தது. பிராகாரங்களில் விரித்திருந்த தேங்காய் நார்ப் பாய்களில் தண்ணீர் ஊற்றிய சுவடே இல்லை, பயணிகள் குதித்துக் குதித்து ஓடினார்கள். அவளால் குதிக்க முடியவில்லை. பாய்க்குப் பாய் நின்று, மூச்சு வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் மூன்றாவது கோயிலிலேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பெரிய கோயில்களில் வந்தவரை லாபம். குட்டிக் கோயிலில் மட்டும் அவள் அசந்து போய் அந்தக் கூரையைப் பற்றி எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும். நாளைக்கு அவர் என்ன கதை சொல்லி எதைத் தொலைத்தாலும் கூரை நிற்கும், கூரை நின்றால் நிழல் நிற்கும். மதியத்தில் உட்கார ஒரு இடம் இருக்கும். அது ஒன்றுக்காகவே ஆறாவது கோயிலை வாசலோடு காட்டி முடித்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்தார்.

குட்டிக் கோயிலுக்கு வந்தபோது வெயில் தாழ்வாரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் உள்ளே வந்தாள், சுவரைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தாள், கால்களை நீட்டப் பார்த்து வலி தாங்காமல் மடக்கிக்கொண்டாள். தினமும் அவர் சாய்கிற அதே இடத்தில் தலையைச் சாய்த்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இதோ சொல்லப் போகிறாள், இதோ சொல்லப் போகிறாள் என்று. அவள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, கிளினிக்கிலும் வீட்டிலும் பஸ்ஸிலும் நின்ற வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வைத்துத் தூங்கினாள். பஞ்சர் கடையில் டயரைத் தட்டுகிற சத்தத்துக்குக்கூட அவள் அசையவில்லை.

எழுப்பியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கு என்று கேட்டிருந்தால் அவள் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். இரண்டு முறை தோளருகே கையைக் கொண்டு போனார். வெயில் வாசலில் இறங்கி, சந்தில் இறங்கி, தண்ணீர் லாரிகளின் மேல் ஏறிப் போனது. இத்தனை வருஷத்தில் அவள் பகலில் தூங்கி அவர் பார்த்ததில்லை. பார்க்க அவர் வீட்டில் இருந்ததும் இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஈ ஒன்று அவள் முகத்தில் உட்கார வந்தபோது மட்டும் மடக்குக் குடையால் அதை விரட்டினார்.

இருட்டத் தொடங்கியபோது அவள் பதறி எழுந்தாள். "ஐயையோ, ஒண்ணுமே சொல்லலையே! எழுப்பக் கூடாதா நீங்க?" என்று கத்தினாள். அரைகுறை வெளிச்சத்தில் கூரையை அண்ணாந்து பார்த்து, "கல்லு... நல்லா... கெட்டியா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டார். "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டார். "என்னமோ போங்க, செத்த மாதிரி தூங்கிட்டேன்" என்றாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள்.

மறுநாள் ஆறு கோயிலையும் முடித்து, கூட்டத்தைக் குட்டிக் கோயிலின் தாழ்வாரத்துக்குக் கொண்டு வந்தார். முதலாளி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழிகாட்டி குடையை உயர்த்தினார், வாயைத் திறந்தார், உள்ளே கதை எதுவும் இல்லை. பேச்சு இல்லாமல் அவர் நின்றதே இல்லை என்பதால் வாய் தானாக ஒன்றைத் தேடியது. அதற்குக் கிடைத்தது நேற்றைய மாலைதான். ஒரு காலத்தில், முழங்கால் வலியோடு ஒரு பெண் இங்கே வந்தாள், என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'ஒரு காலத்தில், முழங்கால்' என்பதுவரை வெளியே வந்தும்விட்டது. அங்கே அவர் பல்லைக் கடித்தார். நாக்கு வெட்டுப்பட்டு ரத்தம் உப்புக் கரித்தது. வீட்டில் களிம்பு டப்பா மட்டும் அலமாரியிலிருந்து இறங்கித் தனியாக அவர் பிடரியை நோக்கி வருவது போல ஒரு காட்சி ஒரு கணம் கண்முன் வந்து போனது. "...முழங்கால் அளவு வெள்ளம் வந்தபோது" என்று எப்படியோ திருப்பினார். மூன்றாவது கோயிலின் ராஜாவை அவசரமாக அங்கிருந்து பிடித்து இழுத்து வந்து, வெள்ளத்தில் நிறுத்தி, குட்டிக் கோயிலைக் கட்ட வைத்தார். கதை தேறிவிட்டது. பயணிகள் கை தட்டினார்கள். முதலாளி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பேருந்தின் ஏசிக்குத் திரும்பினார்.

கூரை போனது. அது அவர் எதிர்பார்த்ததுதான். வாசல், தூண்கள், சுவர் எல்லாம் ஒவ்வொன்றாக வெளுத்து, பஞ்சர் கடையின் பின்பக்கமும் லாரிகளும் பளிச்சென்று தெரிந்தன. வெயில் இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தது. ஆனால் சுவர் இருந்த இடத்துக்குக் கீழே, காய்ந்த மண்ணில், நிழல் ஒன்று மட்டும் போகாமல் கிடந்தது. மேலே மரமோ கூரையோ பறவையோ எதுவும் இல்லை. கால்களை மடக்கி, ஒரு பக்கமாகச் சரிந்து தூங்குகிற ஒரு பெண்ணின் அளவுக்கு இருந்தது அது, அதற்கு மேல் ஒரு விரல்கடை கிடையாது. வழிகாட்டி குடையை இறக்கினார். வேலை நேரத்தில், கூட்டத்துக்கு முன்னால், வாழ்நாளில் முதல் முறையாக உட்கார்ந்தார். கால்களை மடக்கிக்கொண்டால் சரியாகப் பொருந்தியது. பயணிகளுக்கு, சுவரோரம் ஒரு வயசான கைடு களைத்துப் போய் உட்கார்ந்தது மட்டும்தான் தெரிந்தது. அவர்களும் ஆளுக்கொரு தூணாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அதிலிருந்து அந்தக் கம்பெனியின் சுற்றுலா குட்டிக் கோயிலில் எல்லோரும் சற்று நேரம் உட்கார்வதோடு முடிவது வழக்கமாகி, எதிர்த்த கம்பெனிக்காரர்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள்.

அந்த நிழல் சூரியனோடு சேர்ந்து நகரவில்லை. மழை நாளில் அந்த இடத்து மண் மட்டும் புழுதியாகவே கிடந்தது. மண்டபக் கோயிலில் கோணல் உதடும் இரண்டாவது கோயிலில் சோப்பு மாதிரிப் படியும் அப்படியே இருக்கின்றன. பிடரிக் கறுப்பு மாறவில்லை, களிம்பும் நிற்கவில்லை. பழைய டிரைவர் ஓய்வு பெற்றுப் போனான். சுற்றுலா முடிந்து இறங்கும்போது யாராவது ஒரு பயணி, அன்பாகத்தான், "உங்க வீட்டுல யார் யாரு இருக்காங்க சார்?" என்று கேட்பது உண்டு. அவர் உடனே, "வெயில் ஜாஸ்தி, தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். புதிதாக வந்த டிரைவர், பாவம் மனுஷன் தனிக்கட்டை என்று முடிவு செய்து, தன் சித்தி ஒருத்தியை அவருக்குப் பேசி முடிக்கலாமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தான். அதற்கும் அவர் சிரித்து மழுப்பினார்.

மாலையில் மூன்று மாடி ஏறி, கதவைத் தட்டிவிட்டு, அது திறக்கிறவரை அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கதவு திறந்ததும் உள்ளே போகாமல் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். தலை, தோள், கையில் கரண்டி, வீங்கிய முழங்கால் என்று ஒவ்வொன்றாக.

"என்ன பாக்குறீங்க?" என்பாள்.

"தெரியுறே."

"தெரியாம? செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் களிம்பு டப்பாவை எடுக்கப் போவாள்.